தட்டை நிலத்தைப் பென்சிலில் வரைந்தேன், கீழ்ப்பாதி செத்துக் கிடக்கிறது (ஹாலந்து நிலக்காட்சி, ஏ3 அளவு)

கோட்டோவியன் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக ஏப்ரல் கடைசியில் மூன்று வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வந்தவர்கள் துலிப் தோட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். எனக்குக் கூட்டம் ஒத்துவராது. 54ஆம் எண் மெட்ரோவில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் ஹைன் (முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து காறிச் சொல்ல வேண்டும்). அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அதே பெயரில் ஒரு ஆறு. ஆறு என்றவுடன் பெரிதாக நினைக்காதீர்கள், வாய்க்காலைவிடக் கொஞ்சம் அகலம். அப்காவுட என்ற ஊர்ப்பக்கம் கரையில் உட்கார்ந்து, விரல் விறைக்கும்வரை சின்ன நோட்டில் கிறுக்கினேன். போனிலும் படம் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து ஏ3 கார்ட்ரிட்ஜ் தாளில் பெரிதாக வரைந்ததுதான் இணைத்திருக்கும் படம். பென்சில்கள் 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி (எச் என்றால் கெட்டி, வெளிறல்; பி என்றால் மென்மை, கறுப்பு). மொத்தம் 11 மணி நேரம். இடது பக்கம் காற்றாலை, நடுவில் ஆறு, எதிர்க்கரையில் வரிசையாக மொட்டையடித்த வில்லோ மரங்கள், வலது பக்கம் பண்ணை வீடும் நாலு மாடும். மேல்பாதியில் மேகம் ஓரளவு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கீழ்ப்பாதிதான் பிரச்சினை. புல்லுக்கு அவ்வளவு உழைத்தும் சிமென்ட் தரை மாதிரி இருக்கிறது. மாடுகள் அதன்மேல் பொம்மை வைத்ததுபோல் நிற்கின்றன. எங்கே தப்பு? தாராளமாகத் திட்டுங்கள்.

சீவல்தூள் | சனி, இரவு 10.15

திட்ட ஒன்றும் இல்லை, மேகம் நன்றாகவே இருக்கிறது. அடிவானத்துப் பக்கம் மேகத்தைச் சின்னதாக, நெருக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். புதிதாக வரைபவர்கள் எல்லா மேகத்தையும் ஒரே அளவு பஞ்சுமூட்டையாக ஒட்டிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த தப்பு, அடிவானம் தாளின் நட்டநடுவில் ஓடுகிறது. வானம் பாதி, தரை பாதி என்று சொத்துப் பிரித்த மாதிரி. பழைய டச்சு ஓவியர் ருய்ஸ்டாலின் ஹார்லெம் நகரக் காட்சியைப் பாருங்கள், 1670 வாக்கில் வரைந்தது, ஹேக் நகரத்து மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானம்தான். கீழே துணி வெளுக்கும் மைதானம், தூரத்தில் ஒரு கீற்றாக ஊர். அவ்வளவுதான் நிலம். கீழே நாலு அங்குலம் வெட்டிவிட்டால் உங்கள் படமும் பாதி சரியாகிவிடும்.

ஓய்வு_டிராயிங்_டீச்சர் | ஞாயிறு, காலை 6.05

தம்பி, புல்லை எண்ணி எண்ணி வரைந்திருக்கிறீர்கள். முன்னால் இருக்கும் புல்லுக்கும் மாட்டுக் காலடியில் இருக்கும் புல்லுக்கும் ஒரே நீளம், ஒரே அழுத்தம். அதனால்தான் தரை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வெட்டுவது அவசர வைத்தியம். வெட்டினாலும் மிச்சமிருக்கும் தரை இப்படியேதான் கிடக்கும்.

சீவல்தூள் சொன்ன படத்தில் ருய்ஸ்டால் மணல்மேட்டின் மேல் நின்று பார்க்கிறார். நீங்கள் ஆற்றங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கண்மட்டம். அவரைப் பார்த்துக் காப்பியடித்தால் வேறு தப்பு வரும்.

அந்தச் சின்ன நோட்டுக் கிறுக்கலையும் போடுங்கள். போனில் எடுத்த படத்தைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

மைத்தொட்டி | ஞாயிறு, காலை 11.30

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தப்பு வரைந்ததில் இல்லை, பென்சிலில். இந்த நிலத்தை வரைந்து வரைந்து உலகத்துக்குக் காட்டிய 17ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பெரும்பாலும் கருஞ்சாக்கும் (கறுப்புச் சாக்பீஸ் மாதிரி) மையும்தான் எடுத்தார்கள். வான் கோயன் சின்னச் சின்ன நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கருஞ்சாக்கில் கிறுக்கி, மேலே சாம்பல் நிற மையைக் கரைத்துத் தடவினார். ரெம்ப்ராண்ட் நாணல் பேனாவும் பழுப்பு மையும். நாலு கோட்டில் ஒரு கரை, இரண்டு தீற்றலில் ஒரு குடிசை, மற்றதெல்லாம் வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் அங்கே காற்றும் வெளிச்சமும்.

ரெம்ப்ராண்டைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. சாப்பாட்டில் கடுகு இல்லையென்று வேலைக்காரன் பக்கத்து ஊருக்கு ஓடினானாம். அவன் திரும்பி வருவதற்குள் அச்சுப் படத்துக்கான ஒரு தகடு செதுக்கி முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டி முடித்தாராம். 1645ஆம் வருடத்து ‘சிக்ஸின் பாலம்’ என்ற செதுக்கோவியத்தோடு ஒட்டிய கதை. நிஜமோ, யாரோ கட்டிவிட்டதோ, படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். நீங்கள் 11 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். 11 மணி நேரம் தேய்த்தால் எந்த நிலமும் சிமென்ட் ஆகிவிடும். இன்னொன்று, 6பி போட்ட இடமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அலுமினியப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. கிராஃபைட்டின் பிறவிக் குணம் அது.

சீவல்தூள் | ஞாயிறு, பகல் 12.10

மைத்தொட்டி வந்தாலே பென்சிலுக்கு ஒரு குட்டு வைக்காமல் போகமாட்டார் :) 

வின்சென்ட் வான்கோவை மறந்துவிட்டீர்களே. 1882இல் ஹேக் நகரத்தில் கையில் காசில்லாமல் இருந்தபோது அவர் எடுத்தது தச்சர் பென்சில். நம்மூரில் ஆசாரி காதில் செருகிக்கொண்டு திரிவாரே, அந்தத் தட்டைப் பென்சில்தான். அந்த வருடம் அவருடைய சித்தப்பா, ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வியாபாரி, ஊர்க்காட்சிகளாக 12 சின்னப் படம் கேட்டார், ஒன்றுக்கு இரண்டரை கில்டர் (அந்தக்கால டச்சுக் காசு). பென்சிலில் போட்டு மேலே பேனாவில் முடித்துக் கொடுத்தார். தச்சன் பட்டறை, துணி காயும் கொல்லை என்று ஜன்னலிலிருந்து தெரிந்ததையெல்லாம் வரைந்தவர் அவர். மறுவருடம் ஃபேபர் பென்சில் கிடைத்ததும் நண்பர் ஒருவருக்கு, தச்சர் பென்சிலைவிட இது மேல், கறுப்பு அருமையாக விழுகிறது என்று கடிதமே எழுதினார்.

மின்னுவதற்கும் அவர் வழி கண்டுபிடித்திருந்தார். படத்தின் மேல் பாலை ஊற்றுவார். நிஜமாகத்தான். பாலோ, பாலும் தண்ணீரும் கலந்தோ. பளபளப்பு போய்க் கறுப்பு வெல்வெட் மாதிரி ஆகிவிடும் என்று தம்பிக்கு எழுதியிருக்கிறார்.

ரப்பர்துண்டு | ஞாயிறு, பகல் 12.25

பாலா??? எந்தப் பால்? காய்ச்சியதா, பச்சையா?

மைத்தொட்டி | ஞாயிறு, பகல் 12.40

சரி, வான்கோ விஷயத்தில் தோற்றுப்போகிறேன். ஆனால் அவர் தடித் தாளில், தட்டைப் பென்சிலால், அறைந்து அறைந்து வரைந்தவர். 2எச் வைத்துத் தடவிக்கொண்டு உட்காரவில்லை.

கந்தோர்க்காரன் | ஞாயிறு, மாலை 7.50

தாமதமாக வந்ததுக்கு மன்னிக்கவும், இங்கே இப்போதுதான் மத்தியானம் தாண்டியிருக்கிறது. எனக்குக் கோடு கீறத் தெரியாது. இந்த இழையை நான் திறந்ததே படத்தில் இருக்கிற இடம் தெரிந்த இடமாக இருந்ததால்தான். 20 வருஷமாக நெதர்லாந்தில் இருக்கிறேன், அந்த ஆற்றங்கரை ரோட்டில் சைக்கிளில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். (என் பெயரைப் பார்த்து ஒருவர் தனிமடலில் கேட்டார்: இலங்கையில், எங்கள் ஊரில், அலுவலகத்தைக் கந்தோர் என்போம். டச்சுக்காரர் விட்டுப்போன சொல். இங்கே வந்து கந்தோருக்கே வேலைக்குப் போகிறேன். தமிழ்நாட்டு ஆட்கள் சிரிக்க வேண்டாம், உங்களுடைய துட்டும் இவர்களின் டொயிட் என்ற காசிலிருந்து வந்ததுதான்.)

படத்தைக் கண்டவுடனே எனக்கு ஏதோ உறுத்தியது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. கோட்டோவியன், நீங்கள் ஆற்றையும் வயலையும் ஒரே மட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். அங்கே ஆறு மேலே, வயல் கீழே. ஆற்றுத் தண்ணியைவிட மாடு நிற்கிற தரை ஒரு மீட்டருக்கும் மேல் பள்ளம்.

எழுதும்போது எனக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆறு என்றால் நிலத்துக்குக் கீழேதானே ஓட வேண்டும்? இங்கே தலைகீழ். அந்தப் பக்கமெல்லாம் முந்தி சதுப்பு, பீட் என்கிற கரிமண். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, பயிர் வைக்கலாம் என்று ஆற்றுக்குச் செங்குத்தாக நீள நீள வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடித்தார்கள். தண்ணி போன கரிமண் காற்றுப்பட்டு மக்கிச் சுருங்கியது. நிலம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் திரும்பத் தண்ணி நின்றது. ஆகவே கரை கட்டி, காற்றாலை வைத்து, வாய்க்கால் தண்ணியை மேலே ஆற்றுக்கு இறைத்தார்கள். இறைத்ததால் இன்னும் தாழ்ந்தது. இப்பவும் சில இடங்களில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே படத்தில் இருக்கிற காற்றாலை மாவு அரைக்க வந்தது இல்லை. உங்கள் ஊர் ஏற்றம் மாதிரி, ஆனால் தண்ணியை வயலுக்குள் விடாமல் வயலுக்கு வெளியே இறைக்கிற ஏற்றம். ஒரு ஆலை ஒன்றரை மீட்டர் மட்டும்தான் தூக்கும். அதைவிட ஆழமான இடங்களில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படி வைத்த மாதிரி ஆலைகளை வைத்தார்கள். 1612இல் வற்றவைத்த பேம்ஸ்டர் ஏரி அப்படித்தான், நாற்பதுக்கு மேலே காற்றாலை. நீங்கள் வந்து இறங்கின ஸ்கிப்போல் விமான நிலையமும் ஏரித்தரைதான். அந்த ஏரியை 1849 தொடங்கி 1852 வரைக்கும் நீராவிப் பம்பால் இறைத்தார்கள். நாட்டிலேயே ஆகப் பள்ளமான இடம் (அது வேறொரு ஊர்) கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே.

வெளியூர் ஆட்கள் எல்லோரும் ஹாலந்தைத் தட்டை என்கிறார்கள். தட்டை இல்லை. ஒரு மீட்டர் மேலே, ஒரு மீட்டர் கீழே என்று படி படியாக இருக்கிற நாடு. அந்த ஒரு மீட்டரை நீங்கள் கீறவில்லை.

கோட்டோவியன் | ஞாயிறு, இரவு 9.20

கந்தோர்க்காரன் அண்ணா, இதைப் படித்துவிட்டுப் போன் படங்களை எல்லாம் மறுபடி திறந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். டீச்சர் கேட்ட நோட்டுக் கிறுக்கலையும் இப்போது இணைத்திருக்கிறேன். அதில் மாடுகளுக்குக் கால் இல்லை! அங்கே உட்கார்ந்திருந்தபோது கண் பார்த்ததைக் கை அப்படியே போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, ‘கால் போட மறந்துவிட்டோம்’ என்று நானே நாலு மாட்டுக்கும் பதினாறு கால் வைத்திருக்கிறேன்.

ஓய்வு_டிராயிங்_டீச்சர் | திங்கள், காலை 5.50

அதற்குத்தான் கிறுக்கலைக் கேட்டேன்.

கந்தோர்க்காரர் சொன்னதைப் பென்சில் பாஷையில் சொல்கிறேன். நீங்கள் கரையில் உட்கார்ந்தால் உங்கள் கண் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அடிவானம் எப்போதும் அந்தக் கண்மட்டத்தில்தான். சமதரையில் மாடு நின்றிருந்தால் அதன் முதுகு உங்கள் கண்ணைவிட உயரம், ஆகவே முதுகு அடிவானத்தைத் தாண்டி வானத்தில் நிற்கும். நீங்கள் அப்படித்தான் வரைந்திருக்கிறீர்கள். உண்மையில் மாடு பள்ளத்தில் நிற்கிறது. முதுகு அடிவானத்துக்குக் கீழேயே அடங்கிவிடும். எதிர்க்கரையின் விளிம்பு குறுக்கே வந்து காலை மறைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரையை ஒட்டி நிற்கும் மாட்டுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். தள்ளிப்போகப் போக வயிறு தெரியும், இன்னும் தூரத்தில் நிற்பதற்குக் காலும் தெரியும். கிட்ட இருப்பது குறைவாகவும் எட்ட இருப்பது முழுதாகவும் தெரிந்தால், பார்ப்பவருக்கு யாரும் சொல்லாமலே பள்ளம் புரிந்துவிடும். ஒன்றை ஒன்று மறைத்தால்தான் ஆழம். உங்கள் படத்தில் எதுவும் எதையும் மறைக்கவில்லை, எல்லாம் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கின்றன.

நிழல் வைப்பதற்கு: எதிர்க்கரை தண்ணீரைத் தொடும் இடத்தில் மெல்லிய, அழுத்தமான ஒரு கோடு, விட்டு விட்டு. அதற்கு மேலே கரையின் புல்விளிம்பு வெளிச்சம், தாளை அப்படியே விடுங்கள். விளிம்புக்குப் பின்னால் வயல் சட்டென்று ஒரு படி வெளிறித் தொடங்கட்டும், 2எச் மட்டும், படுக்கைவசமாக, புல் என்ற நினைப்பே இல்லாமல். அந்த வயலில் அவர் சொன்ன நீள வாய்க்கால்கள் இருக்குமே, அவை உங்களிடமிருந்து விலகி ஒரு மறைபுள்ளியை (தூரத்தில் கோடுகள் எல்லாம் கூடும் இடத்தை) நோக்கி ஓடும். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக் கீற்று. அவற்றுக்குப் பென்சிலே வேண்டாம், ரப்பரைக் கத்தியால் சீவி அந்த முனையால் ஒரு இழுப்பு.

முன்பக்க நாணலுக்கு, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை எடுத்துத் தாளில் அழுத்திக் கோடு போடுங்கள். ஒன்றும் தெரியாது. பிறகு அதன்மேல் 4பியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் விழுந்த கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். வகுப்பில் இதைச் செய்துகாட்டினால் பிள்ளைகள் மந்திரம் என்பார்கள். அப்புறம் ஒரு மாதத்துக்கு எல்லாப் படத்திலும் நாணல்தான் வரும், அது வேறு கஷ்டம்.

ஆற்றில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு சாயல் கறுப்பாக இருக்க வேண்டும். மரத்தின் பிரதிபலிப்பு மரத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். ஆறு செத்ததற்கு அது பாதிக் காரணம்.

சீவல்தூள் | திங்கள், காலை 9.15

டீச்சர், அடிவானத்தைக் கீழே இறக்கச் சொன்ன என் ஆலோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதி மட்டும். கொஞ்சமாவது இறக்கலாம்.

கிட்ட இருக்கும் மாடு குறைவாகத் தெரியும் என்பதை என் மேசையில் தீப்பெட்டியும் ரப்பரும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மைத்தொட்டி | திங்கள், பகல் 1.00

டீச்சர் எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேள்வி மட்டும். காற்றாலை கட்டாயமா? ஹாலந்து என்றால் காற்றாலை, கேரளா என்றால் படகுவீடு. பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்த படம் மாதிரி ஆகிவிடுகிறது. எடுத்துவிட்டால் அந்த வில்லோ வரிசையே போதும்.

கந்தோர்க்காரன் | திங்கள், மாலை 8.10

மைத்தொட்டி சொல்வது விளங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் அந்த ஆலை உண்மையாகவே நிற்கிறது. டச்சு ஓவியர் மொன்ட்ரியான் இளவயதில், பாரிசுக்குப் போக முந்தி, இதே ஆற்றங்கரைக்குத் திரும்பத் திரும்ப வந்து அந்த ஆலையையும் மரங்களையும் தீட்டியும் கீறியும் இருக்கிறார். சாயங்காலத்தில், தண்ணியில் மரம் தலைகீழாக விழுகிற நேரத்தில். அவர் விட்டுவைத்ததை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?

ஆலையில் வேறொரு பிரச்சினை இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே ஆலை ஓடாத நேரத்தில் இறக்கையை எந்த வாக்கில் நிறுத்துகிறார்கள் என்பது ஒரு பாஷை. கூட்டல் குறி மாதிரி நின்றால், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடும். பெருக்கல் குறி மாதிரி நின்றால் நீண்ட ஓய்வு. மேல் இறக்கை உச்சிக்கு வரக் கொஞ்சம் முந்தி நின்றால் வீட்டில் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஏதோ சந்தோஷம். உச்சியைக் கொஞ்சம் தாண்டி நின்றால் இழவு. முன்னுக்கு நின்று பார்த்தால் இறக்கை கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். ஆகவே உச்சிக்கு வலப்பக்கம் என்றால் சந்தோஷம், இடப்பக்கம் என்றால் துக்கம். உங்கள் படத்தில் மேல் இறக்கை கடிகாரத்தில் 11 மணி முள் மாதிரி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்த வீட்டில் யாரோ செத்துப்போனார்கள்.

கோட்டோவியன் | திங்கள், இரவு 9.45

ஐயோ. நான் பார்த்தபோது இறக்கை நேராகக் கூட்டல் குறி மாதிரிதான் நின்றது. அப்படியே வரைந்தால் கல்லறைச் சிலுவை மாதிரி இருக்கிறதே, பார்ப்பவர்கள் தப்பாக நினைக்கக்கூடாது என்று கொஞ்சம் சாய்த்தேன். சாய்த்துத் துக்க வீடாக்கிவிட்டேன்.

ரப்பர்துண்டு | திங்கள், இரவு 9.50

கீழ்ப்பாதி செத்துக் கிடக்கிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டீர்களே அண்ணா, ஆலைக்காரர் அதைப் படித்திருப்பார்.

சீவல்தூள் | திங்கள், இரவு 10.05

ஹாஹா. மொன்ட்ரியான் பற்றி ஒன்று சொல்லவா? அந்த நெட்டு மரமும் படுத்த ஆறும்தான் பின்னால் அவரைப் பிரபலமாக்கிய கறுப்புக் கோட்டுக் கட்டப் படங்களாக...

மைத்தொட்டி | திங்கள், இரவு 10.08

அதைச் சொல்லாத ஆளே கிடையாது. விடுங்கள்.

கணினிக்கண் | செவ்வாய், காலை 8.30

இவ்வளவு கணக்கு எதற்கு? போட்டோவை ஒரு ஆப்பில் போட்டால் பென்சில் ஓவியமாக இரண்டு நொடியில் மாற்றித் தருகிறது. மாட்டுக் காலும் சரியாகவே வரும்.

ஓய்வு_டிராயிங்_டீச்சர் | செவ்வாய், காலை 8.45

வரட்டும் தம்பி.

ரப்பர்துண்டு | புதன், இரவு 7.20

பால் பரிசோதனை அறிக்கை! யாரும் பதில் சொல்லாததால் நானே செய்து பார்த்தேன். கார்ட்ரிட்ஜ் தாளில் 6பியால் மூன்று கட்டம். ஒன்றில் சாதாரணப் பால், காய்ச்சி ஆறவைத்தது. ஒன்றில் கொழுப்பு நீக்கிய பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. மூன்றாவது சும்மா. தூரிகையால் தொட்டால் பென்சில் கலைந்துவிடும் என்று செடிக்குத் தெளிக்கும் பம்பால் புகை மாதிரி அடித்தேன்.

முடிவு: கொழுப்பு நீக்கிய பால் நன்றாகவே வேலை செய்கிறது. மினுக்கம் நிஜமாகவே குறைந்துவிட்டது, விரலால் தேய்த்தாலும் முன்போல் ஒட்டவில்லை. சாதாரணப் பால் அடித்த கட்டத்தில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. தாள் இரண்டிலும் சுருங்கியது, பலகையில் டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும்.

வான்கோ தம்பிக்கு எழுதாமல் விட்ட விஷயம்: மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் இரண்டு கட்டத்திலும் எறும்பு.

சீவல்தூள் | புதன், இரவு 7.40

இந்த மன்றம் தொடங்கியதிலிருந்து வந்த மிகச் சிறந்த பதிவு இது.

மினுக்கத்துக்கு எறும்பு இல்லாத வழியும் இருக்கிறது. இப்போது மினுக்கம் குறைந்த கிராஃபைட் பென்சில் தனியாகவே வருகிறது. ஃபேபர்-காஸ்டெல்லில் பிட் கிராஃபைட் மேட் என்று 14பி வரை உண்டு. விலைதான் கொஞ்சம் கடிக்கும். இல்லையென்றால் 6பியைத் தொடாமல் 2பியை நாலு அடுக்கு மெதுவாக ஏற்றிப் பாருங்கள், அழுத்தித் தேய்க்கும்போதுதான் ரொம்ப மின்னும்.

கந்தோர்க்காரன் | புதன், இரவு 11.30

பென்சிலுக்கு இவர்கள் சொல்கிற பெயர் போட்லோட். லோட் என்றால் ஈயம். உள்ளே இருக்கிறது ஈயம் இல்லை, கரி என்று 1779இலேயே ஷீல என்கிற ரசாயன ஆள் காட்டிவிட்டார். இவர்கள் இன்னும் ஈயம் என்றுதான் சொல்கிறார்கள். என் மகள் பள்ளிக்கூடப் பையில் நாலு ஈயம் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், வில்லோவைப் பற்றி. அதன் தலை மொத்தையாக, விரல் விரலாகக் குச்சி கிளம்பி இருக்கிறது இயற்கை இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே எல்லாக் கிளையையும் வெட்டிவிடுவார்கள். மாடு எட்டாத உயரத்தில் திரும்பத் துளிர்க்கும். அந்தக் குச்சிதான் கூடை, மண்வெட்டிப் பிடி, கரை கட்டும்போது அடியில் போடுகிற மெத்தை எல்லாம். நீங்கள் எல்லா மரத்துக்கும் ஒரே நீளக் குச்சி போட்டிருக்கிறீர்கள். உண்மையில் ஒன்று போன மாசம் வெட்டினதாக மொட்டையாக இருக்கும், பக்கத்தில் இருக்கிறது ஐந்து வருஷம் வெட்டாமல் காடாக இருக்கும்.

ஓய்வு_டிராயிங்_டீச்சர் | வியாழன், காலை 6.00

வில்லோ நம்மூரிலும் உண்டு, ஆற்றுப்பாலை என்பார்கள், அதே குடும்பம். ஆனால் இப்படி மொட்டையடித்துப் பார்த்ததில்லை. கந்தோர்க்காரர் வரையத் தெரியாது என்கிறார், பார்க்கத் தெரிந்திருக்கிறது.

கோட்டோவியன் | அடுத்த ஞாயிறு, மாலை 5.15

இரண்டாவது படம் இணைத்திருக்கிறேன். இந்தமுறை நாலு மணி நேரம்தான். (மைத்தொட்டி, கடுகு வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அடிவானத்தை நடுவிலிருந்து இரண்டு விரற்கடை இறக்கினேன். அதை ஒரே கோடாக இழுக்காமல் மரத்துக்கு மரம் விட்டுவிட்டுப் போட்டேன். எதிர்க்கரை விளிம்பு வெறும் தாள். வயல் முழுக்க 2எச், வாய்க்கால்கள் ரப்பர் முனையில் எடுத்தவை. அதைச் செய்த அந்த நிமிடம் வயல் சடாரென்று கீழே இறங்கியதைப் பார்த்து எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். ஆலையில் இறக்கை பெருக்கல் குறி, நீண்ட ஓய்வு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வில்லோக்களில் ஒன்று மொட்டை, ஒன்று காடு. நாணல் டீச்சர் சொன்ன காலிப் பேனா. மாடு மூன்றாகக் குறைந்துவிட்டது: கரையோரம் இரண்டு முதுகு, எட்டத்தில் முழுசாக ஒன்று.

பால் அடிக்கவில்லை. வீட்டில் எறும்பு ஏற்கெனவே நிறைய.

மைத்தொட்டி | அடுத்த ஞாயிறு, மாலை 6.00

ஆலை இருக்கட்டும். நன்றாகவே இருக்கிறது. முன்னால் நாணல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஓய்வு_டிராயிங்_டீச்சர் | அடுத்த ஞாயிறு, மாலை 6.20

சொன்னேன் இல்லையா, ஒரு மாதத்துக்கு நாணல்தான். ஆற்றின் இடது மூலையை இன்னும் அரைச் சாயல் இறக்குங்கள். மற்றபடி விட்டுவிடுங்கள், மேலும் தொடவேண்டாம்.

கந்தோர்க்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 8.40

இது அந்த இடம்தான். மனிசிக்குக் காட்டினேன். நாங்கள் சைக்கிளை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கிற வாங்கு (பெஞ்சு) இந்தப் படத்தில் சரியாக வலது பக்க ஓரத்துக்கு வெளியே இருக்கிறது என்கிறாள்.

புதுவரவு_07 | அடுத்த திங்கள், காலை 10.10

வணக்கம், இன்றுதான் மன்றத்தில் சேர்ந்தேன். படம் சூப்பர். ஒரே ஒரு சந்தேகம், முன்னால் இருக்கும் இரண்டு மாட்டுக்கும் கால் போட மறந்துவிட்டீர்களா?